பனி உருகும் ஓடையில் படகுப் பந்தயம்: தண்ணீர் அளவு பார்ப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் மார்ச் கடைசியில் பனி இளகத் தொடங்கியதும் துடுப்பு பிடிக்கிறவர்களுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. ஸீர்ஸ்மான்ட் ஊரில் செயின்ட் ஜார்ஜ் ஆற்றுப் பந்தயத்தோடு பருவம் தொடங்கும். அதன் பிறகு வாரா வாரம் ஏதாவது ஓர் ஓடையில் பந்தயம் இருக்கும். எல்லாவற்றிலும் பெரியது கென்டஸ்கெக் ஓடைப் பந்தயம். 1967-இல் தொடங்கியது, ஏப்ரல் நடுவில் ஒரு சனிக்கிழமை நடக்கும். கென்டஸ்கெக் கிராமத்தில் புறப்பட்டு பாங்கர் நகரத்தின் மையத்தில் முடியும், 16.5 மைல். முதல் பத்து மைல் சாதுவான தண்ணீர். கடைசி ஆறு மைலில்தான் பாறையும் பாய்ச்சலும்.

இந்தப் பந்தயங்களில் சேர விரும்பும் நண்பர்கள் ஒவ்வொரு வசந்தத்திலும் என்னிடம் கேட்கும் கேள்விகளை இங்கே ஒன்றாகத் தொகுத்திருக்கிறேன். கேனூவோ (மேல் திறந்த துடுப்புப் படகு) கயாக்கோ (மேல் மூடிய துடுப்புப் படகு) ஓரளவு ஓட்டத் தெரிந்தவர்களை மனதில் வைத்து எழுதியது. துடுப்பையே தொட்டதில்லை என்றால் முதலில் கோடையில் ஓர் ஏரியில் கற்றுக்கொள்ளுங்கள். ஏப்ரல் ஓடையில் பாடம் தொடங்கக் கூடாது.

தண்ணீர் அளவைப் பந்தயம் நடத்துகிறவர்கள் பார்த்துக்கொள்ள மாட்டார்களா? நான் ஏன் பார்க்க வேண்டும்?

அவர்கள் பார்ப்பார்கள். அளவு மீறிப் போனால் தள்ளி வைப்பார்கள், பாதையைச் சுருக்குவார்கள். ஆனால் அவர்கள் எடுக்கும் முடிவு நூற்றுக்கணக்கான படகுகளுக்குப் பொதுவானது. இருபது வருடமாக அந்த ஓடையில் ஓட்டுகிறவருக்கும் போன மாதம் படகு வாங்கியவருக்கும் ஒரே 'நடக்கும்' என்ற அறிவிப்புதான். 'இன்று பந்தயம் நடத்தலாமா' என்பது அவர்களுடைய கேள்வி. 'இந்தத் தண்ணீரில் நான் இறங்கலாமா' என்பது உங்களுடையது. இரண்டுக்கும் ஒரே பதில் வரவேண்டும் என்று கட்டாயமில்லை.

அளவு எங்கே கிடைக்கும்? ஒரே இடத்துக்கு 'அடி' என்று ஒன்றும் 'கன அடி' என்று ஒன்றும் போட்டிருக்கிறார்களே, எதைப் பார்ப்பது?

அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம், அதாவது யு.எஸ்.ஜி.எஸ்., நாடு முழுக்க ஆறுகளில் அளவு நிலையங்கள் வைத்திருக்கிறது. முதல் நிலையம் 1889-இல் நியூ மெக்சிகோவில் எம்புடோ என்ற இடத்தில், ரியோ கிராண்டே ஆற்றில் தொடங்கியது. இன்று பெரும்பாலான நிலையங்களில் கருவி 15 நிமிடத்துக்கு ஒருமுறை அளந்து, செயற்கைக்கோள் வழியாக அனுப்பிவிடுகிறது. யாரும் காசில்லாமல் பார்க்கலாம்.

இரண்டு எண்களும் என்னவென்று நம் ஆட்களுக்கு விளக்குவது சுலபம். சின்ன வயதிலிருந்தே 'மேட்டூர் அணையின் நீர்மட்டம் இத்தனை அடி, நீர்வரத்து வினாடிக்கு இத்தனை கன அடி' என்று செய்தி கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அதே இரண்டு எண்கள்தான் இவை. அடி என்பது ஓரிடத்தில் தண்ணீர் எந்த உயரத்தில் நிற்கிறது என்பது. கன அடி என்பது ஒரு வினாடியில் எவ்வளவு தண்ணீர் கடந்து போகிறது என்பது. ஒரு கன அடி ஏறக்குறைய 28 லிட்டர்.

ஒன்றில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். 'அடி' என்பது ஆழம் இல்லை. நிலையத்தில் ஏதோ ஓர் அடையாளத்தைச் சுழியமாக வைத்து அங்கிருந்து அளப்பார்கள். 4 அடி என்று காட்டினால் ஓடையில் நாலடி ஆழம் என்று அர்த்தமில்லை. ஒரு நிலையத்தின் 4 அடியை இன்னொரு நிலையத்தின் 4 அடியோடு ஒப்பிடவும் முடியாது.

கருவி நேரடியாக அளப்பது உயரத்தை மட்டும்தான். ஊழியர்கள் அவ்வப்போது நேரில் வந்து ஓட்டத்தின் வேகத்தையும் அகல ஆழத்தையும் அளந்து, இந்த உயரத்துக்கு இத்தனை கன அடி என்று ஒரு வளைகோடு போட்டு வைத்திருப்பார்கள். திரையில் தெரியும் கன அடி அந்தக் கோட்டிலிருந்து கணக்கிட்டது. நான் கன அடியைத்தான் முதலில் பார்ப்பேன். படகைத் தள்ளுவது அதுதான்.

உயரம் ஓர் அடி கூடினால் பெரிய வித்தியாசமா?

பெரிய வித்தியாசம். ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். ஓடை 100 அடி அகலம், 2 அடி ஆழம், தண்ணீர் வினாடிக்கு 3 அடி ஓடுகிறது என்றால் 600 கன அடி. ஆழம் ஓர் அடி கூடும்போது வேகமும் கூடும். அது வினாடிக்கு 4 அடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால் 3 அடி ஆழத்தில் 1,200 கன அடி. ஓர் அடி ஏறியதற்கே தண்ணீர் இரண்டு மடங்கு.

அதோடு, ஓடும் தண்ணீர் ஒரு பொருளைத் தள்ளும் விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நாலு மடங்கு. பாறையில் குறுக்காகச் சிக்கிக்கொண்ட படகை ஆள் பலத்தால் இழுக்க முடியாமல் போவது இதனால்தான். தண்ணீர் நிரம்பிய கேனூவே அரை டன்னைத் தாண்டிவிடும்.

சரி, எத்தனை கன அடி இருந்தால் இறங்கலாம்? ஓர் எண் சொல்லுங்களேன்.

சொல்ல மாட்டேன். நழுவுகிறேன் என்று நினைக்க வேண்டாம். பெரிய ஆற்றில் 800 கன அடி என்றால் படகு கல்லில் உரசும். பத்துப் பதினைந்து அடி அகல ஓடையில் அதே 800 வெள்ளம். ஒரே ஓடையில்கூட, போன குளிர்காலத்தில் இரண்டு மரங்கள் விழுந்திருந்தால் போன வருடம் நல்லதாக இருந்த எண் இந்த வருடம் நல்லதாக இருக்காது.

எண்ணை விட எனக்கு முக்கியம் கோடு எந்தப் பக்கம் போகிறது என்பது. கடந்த ஒரு வாரத்தின் வரைபடத்தைத் திறங்கள். இறங்குகிற கோட்டில் 900 என்றால் நாளைக்கு அது 900-ஐத் தாண்ட வாய்ப்புக் குறைவு. ஏறுகிற கோட்டில் 900 என்றால் நீங்கள் படகை இறக்கும் நேரத்தில் அது எவ்வளவாக இருக்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. தண்ணீர் ஏறும்போதுதான் கரையில் கிடந்த கட்டைகளும் கிளைகளும் கிளம்பி மிதந்து வரும். அதே எண்ணாக இருந்தாலும் ஏறும் ஓடையும் இறங்கும் ஓடையும் வேறு வேறு ஓடைகள்.

இதை நான் கற்றுக்கொண்டது தண்ணீருக்குள் விழுந்துதான். ஒரு வருடம் வெள்ளிக்கிழமை மாலை எண்ணைப் பார்த்து 'போன தடவை மாதிரியே இருக்கிறது' என்று திருப்தியாகத் தூங்கிவிட்டேன். கோடு ஏறிக்கொண்டிருந்ததைக் கவனிக்கவில்லை. இரவு முழுவதும் வெதுவெதுப்பான காற்றும் தூறலும். காலையில் மறுபடி பார்க்காமலே கிளம்பினேன். முந்தின வருடம் பாறைக்கு இடப்புறம் நிதானமாகப் போன வழி அன்று ஓர் அலைச்சுவராக நின்றது. படகு கவிழ்ந்து, கரைக்கு வந்து சேர்ந்தபோது லைஃப் ஜாக்கெட்டின் கொக்கியைக் கழற்ற விரல் மடங்கவில்லை. அதற்குப் பிறகு பந்தயக் காலையில் வரைபடம் பார்க்காமல் நான் படகைக் காரில் ஏற்றுவதில்லை.

மழையே இல்லை, வெயில் அடிக்கிறது. தண்ணீர் எப்படி ஏறுகிறது?

வசந்த காலத்து ஓடையைப் புரிந்துகொள்ள வேண்டுமென்றால் இந்தக் கேள்வியில் கொஞ்சம் நின்றுதான் ஆக வேண்டும்.

மெய்ன் காடுகளில் ஐந்து மாதம் பெய்த பனி, தரையில் சேமித்து வைத்த மழை. புதுப்பனியில் பத்தில் ஒரு பங்குதான் தண்ணீர், மீதி காற்று. மார்ச், ஏப்ரலுக்குள் அது அழுந்தி, இறுகி, உருகி உறைந்து, மணல் போலப் பரல் பரலாக ஆகிவிடும். அப்போது அதில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ தண்ணீர். இரண்டடிப் பனி நின்றால் எட்டு அங்குல மழை காட்டுக்குள் காத்திருக்கிறது என்று பொருள்.

பனி உடனே உருகி ஓடாது. முதலில் பனிப்படுகை முழுவதும் சுழியம் டிகிரிக்கு வர வேண்டும். பிறகு பஞ்சு போல ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். பஞ்சு நிரம்பியபின்தான் கீழே விடும். அதனால்தான் முதல் வெயில் நாளில் ஓடை அசையாமல் இருக்கும், ஐந்தாவது வெயில் நாளில் திடீரென்று பெருகும். பகலில் உருகியது ஓடைக்கு வந்து சேரச் சில மணி நேரம் ஆகும். சின்ன ஓடையில் மாலையிலோ முன்னிரவிலோ உச்சம் வரும். பெரிய ஆற்றில் மறுநாள், அதற்கு மறுநாள்கூட ஆகலாம். இரவில் உறைபனி விழுந்தால் காலையில் ஓடை கொஞ்சம் அடங்கியிருக்கும். இரவும் குளிரவில்லை என்றால் அடங்காது. ஆகவே பகல் வெப்பத்தைப் பார்ப்பவர்கள் இரவு வெப்பத்தையும் பாருங்கள். நான் இரவைத்தான் அதிகம் பார்ப்பேன்.

இன்னொன்று, பலரும் தவறாக நினைப்பது. மழைதான் பனியைக் கரைக்கிறது என்பார்கள். கணக்குப் போட்டால் அப்படி இல்லை. 10 டிகிரி செல்சியஸில் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால், அந்த மழைநீரில் உள்ள வெப்பம் சுமார் 3 மில்லிமீட்டர் தண்ணீருக்கு ஈடான பனியைத்தான் உருக்கும். பனியைத் தின்பது மழையோடு வரும் ஈரக்காற்று. காற்றிலுள்ள நீராவி பனியின் மேல் படிந்து தண்ணீராகும்போது வெப்பத்தை விடும். ஒரு கிராம் ஆவி படிந்தால் ஏழு கிராமுக்கு மேல் பனி உருகும். 'மூடுபனி வெண்பனியைத் தின்னும்' என்று மெய்ன் அடங்கிய நியூ இங்கிலாந்துப் பகுதிக் கிழவர்கள் சொல்வது முழுக்க உண்மை. பனி கிடக்கும் காட்டில் வெதுவெதுப்பான இரவு, ஈரக்காற்று, மூடுபனி, கூடவே ஓர் அங்குல மழை. இவை சேர்ந்து வந்தால் வரைபடத்தில் கோடு செங்குத்தாக ஏறும். 1987 ஏப்ரல் தொடக்கத்தில் மெய்ன் ஆறுகளில் வந்த பெருவெள்ளம் இப்படிப் பனியும் மழையும் சேர்ந்து வந்ததுதான்.

ஏப்ரலில் இன்னொரு காரணமும் உண்டு. மரங்கள் இலை விட்டிருக்காது, அதனால் வேர்கள் தண்ணீரை உறிஞ்சுவது மிகக் குறைவு. நிலம் ஏற்கெனவே ஊறிப்போயிருக்கும், சில இடங்களில் உறைந்தும் இருக்கும். ஜூலையில் ஓடைக்கே தெரியாமல் போகும் மழை ஏப்ரலில் மொத்தமாக ஓடைக்கு வந்துவிடும்.

காட்டில் எவ்வளவு பனி மிச்சம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மெய்ன் மாநிலத்தில் கூட்டுப் பனி அளவீடு என்று ஒன்று நடக்கிறது. குளிர்காலக் கடைசியிலிருந்து பனி போகும் வரை பல இடங்களில் பனிக்குள் குழாயை இறக்கி எடுத்து, நிறுத்து, ஆழம் எவ்வளவு, அதில் தண்ணீர் எவ்வளவு என்று வரைபடமாக வெளியிடுவார்கள். பனியின் ஆழத்தை விட்டுவிட்டு 'தண்ணீர் அளவு' என்ற வரைபடத்தைப் பாருங்கள். உங்கள் வீட்டு முற்றத்தில் புல் தெரிகிறது என்பது ஒரு தகவலே இல்லை. ஓடை பிறக்கும் இடத்தில் தேவதாரு நிழலில் பனி கிடக்கிறதா என்பதுதான் விஷயம்.

பந்தயம் நடக்கும் ஓடையில் அளவு நிலையமே இல்லை என்றால்?

பக்கத்து ஓடையைச் சாட்சியாக வைத்துக்கொள்ள வேண்டும். மெய்ன் மாநிலத்தின் சின்னப் பந்தய ஓடைகள் பலவற்றுக்கு இதுதான் வழி. கடலோரப் பக்கத்து ஓடைகளுக்கு நார்த் வைட்ஃபீல்டில் உள்ள ஷீப்ஸ்காட் ஆற்று நிலையமும் சின்னதான டக்டிராப் ஆற்று நிலையமும் உதவும். உள்நாட்டுப் பக்கம் என்றால் டோவர்-ஃபாக்ஸ்க்ராஃப்ட் அருகே பிஸ்காடக்விஸ் ஆற்று நிலையம் இருக்கிறது. அங்கே நூறு வருடத்துக்கு மேலான பதிவு உண்டு.

சாட்சியைத் தேர்ந்தெடுக்கும்போது தூரத்தை மட்டும் பார்க்காதீர்கள். நீர் சேரும் பரப்பு ஏறக்குறைய ஒரே அளவா, ஒரே உயரமா, மேலே ஏரி இருக்கிறதா என்று பாருங்கள். ஏரியும் சதுப்பும் உள்ள ஆறு மெல்ல ஏறி மெல்ல இறங்கும். ஏரி இல்லாத ஓடை ஒரே இரவில் ஏறி மறுநாளே வடிந்துவிடும். ஏரியுள்ள ஆற்றின் எண்ணை வைத்துக்கொண்டு ஏரியில்லாத ஓடையில் இறங்கினால், மழை முடிந்து இரண்டு நாள் கழித்து 'உச்சத் தண்ணீர்' என்று நம்பிப் போய்க் கல்லில் உரசிக்கொண்டு திரும்புவீர்கள். இது பரவாயில்லை. ஆபத்து இதற்கு நேர்மாறான கதையில்: சாட்சி ஆறு இன்னும் அசையவே இல்லை, பந்தய ஓடை ஏற்கெனவே கரையைத் தொட்டு ஓடுகிறது.

வரைபடத்தில் எண்ணுக்குப் பதில் 'ஐஸ்' என்று போட்டிருக்கிறது.

ஆற்றில் பனிக்கட்டி அடைத்திருக்கிறது என்று அர்த்தம். கட்டி அடைத்தால் பின்னால் தண்ணீர் தேங்கி உயரம் ஏறும், ஆனால் ஓட்டம் கூடியிருக்காது. அப்போது உயரத்திலிருந்து கன அடியைக் கணக்கிட்டால் தப்பாகிவிடும் என்பதால் அதை நிறுத்தி வைப்பார்கள். மார்ச் பந்தயங்களுக்கு இது அடிக்கடி வரும். அடைப்பு எப்போது உடையும் என்று சொல்ல முடியாது. உடைந்தால் தண்ணீரும் மேசை அளவு கட்டிகளும் ஒன்றாக வரும். 'ஐஸ்' என்று காட்டும் ஓடையில் பயிற்சிக்குக்கூட இறங்க வேண்டாம்.

எத்தனை நாள் முன்பிருந்து பார்க்க ஆரம்பிப்பது?

பத்து நாள் முன்பு பனி வரைபடத்தை ஒருமுறை பாருங்கள். ஐந்து நாள் முன்பிலிருந்து தினமும் அளவையும் வானிலையையும் பாருங்கள். கடைசி இரண்டு நாள் காலையும் மாலையும். தேசிய வானிலைச் சேவையின் ஆற்று முன்கணிப்பு மையங்கள் பெரிய ஆறுகளுக்குச் சில நாட்களுக்கான முன்கணிப்பு தருகின்றன; சின்ன ஓடைகளுக்குப் பெரும்பாலும் கிடைக்காது. கடைசியாகப் பார்ப்பது பந்தயக் காலை, படகை ஏற்றுவதற்கு முன். எண்ணின் பக்கத்தில் எந்த நேரத்தில் அளந்தது என்று போட்டிருக்கும், அதையும் பாருங்கள். கருவி பழுதாகி முந்தின நாள் எண்ணே நின்றுகொண்டிருந்த காலைகளும் உண்டு.

தண்ணீர் குறைவாக இருந்தால் கவலை இல்லைதானே?

பயம் குறைவு, வேலை அதிகம். பாறைகள் தலை நீட்டும். படகு ஏறி உட்கார்ந்துகொள்ளும். இறங்கி இழுக்க வேண்டும். இறங்கும்போது ஒன்றை மறக்காதீர்கள்: முழங்காலுக்கு மேல் ஓடும் தண்ணீரில் எழுந்து நின்று நடக்க முயலக் கூடாது. பாறை இடுக்கில் பாதம் மாட்டினால் தண்ணீர் ஆளைக் குப்புறத் தள்ளி அழுத்தும். இடுப்பளவுத் தண்ணீரிலேயே இப்படி உயிர் போயிருக்கிறது. விழுந்துவிட்டால் மல்லாந்து, கால்களை முன்னே நீட்டி, பாதங்களைத் தண்ணீரின் மேல்மட்டத்தில் வைத்து, ஆழம் குறையும் வரை மிதந்து போங்கள்.

அதிகமாக இருந்தால்? பாறையெல்லாம் மூழ்கிவிடும், இன்னும் சுலபம் என்று ஒருவர் சொன்னாரே.

சில இடங்களில் அவர் சொல்வது சரி. நடுத்தரத் தண்ணீரில் முள்ளுக்காடாக இருக்கும் இடம் நிறைதண்ணீரில் வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் அதே தண்ணீர் மூன்று வேலைகளைச் செய்கிறது.

மூழ்கிய பாறைக்குப் பின்னால் தண்ணீர் திரும்பிச் சுருண்டு விழும் குழிகள் உண்டாகும். கரையோரத்தில் படகை நிறுத்தி மூச்சு வாங்கும் அமைதியான திட்டுகள் காணாமல் போகும். மூன்றாவதுதான் மோசம். கரை நிரம்பிய தண்ணீர் மரங்களுக்கு இடையே ஓடும். சாய்ந்த மரத்தின் கிளைகள் சல்லடை மாதிரி: தண்ணீர் உள்ளே போய்விடும், ஆள் மாட்டிக்கொள்வார். பெரிய அலையைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் பெரும்பாலும் தப்பித்துவிடுகிறார்கள். ஓரமாகக் கிடக்கும் சாதுவான மரத்தைத்தான் யாரும் மதிப்பதில்லை.

தாழ்வான தடுப்பணைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மெய்ன் ஓடைகளில் பழைய மாவு மில், மரமில் காலத்துத் தடுப்புகளின் மிச்சங்கள் இருக்கும். தண்ணீர் கூடும்போது மேலிருந்து பார்த்தால் அவை ஒரு மெல்லிய கோடாகத்தான் தெரியும். கீழே விழும் தண்ணீர் ஆளை வெளியே விடாமல் திரும்பத் திரும்ப உள்ளே இழுக்கும். பந்தயத்தில் 'இங்கே படகைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும்' என்று குறித்த இடங்கள் சும்மா குறிக்கப்பட்டவை இல்லை. நிறைதண்ணீரில் அந்த இடங்களுக்கு வெகு முன்னாலேயே கரைக்கு ஒதுங்கத் தொடங்குங்கள்.

நேரில் போய்ப் பார்க்க வேண்டுமா? எங்கே நிற்பது?

கட்டாயம் போங்கள், முடிந்தால் முதல் நாள் மாலையே. எண் ஓடையின் மொத்தத்தைச் சொல்லும், பாதையைச் சொல்லாது.

கென்டஸ்கெக் பந்தயத்தில் பார்க்க வேண்டிய இடம் சிக்ஸ் மைல் ஃபால்ஸ் என்ற பாறைப் பாய்ச்சல். பாங்கரிலிருந்து வெளியே போகும் பிராட்வே சாலைப் பாலத்தின் பக்கத்திலேயே இருக்கிறது. பந்தய நாளில் கரை முழுக்கக் கூட்டம் நிற்கும். அவர்களுக்கு 'ஆற்றுக் கழுகுகள்' என்று பெயர். யார் கவிழ்வார்கள் என்று காத்திருக்கும் கழுகுகள். நல்ல மனிதர்கள்தான், கவிழ்ந்தவர் எழுந்து கை காட்டினால் ஊரே கேட்கக் கத்துவார்கள்.

அங்கே நின்று முதலில் நாக்கைத் தேடுங்கள். மேலிருந்து வரும் தண்ணீர் பாறைகளுக்கு நடுவே இறங்கும்போது வழவழப்பான கரிய 'வி' ஒன்று கீழ்நோக்கிக் கூர்மையாகும். அதுதான் நாக்கு, அதுதான் வழி. கூர் முனை உங்களைப் பார்த்து இருந்தால் அங்கே பாறை. பிறகு, கவிழ்ந்தால் எங்கே கரை ஏறுவேன் என்று பாருங்கள். பெரும்பாலானவர்கள் இதைப் பார்ப்பதே இல்லை. கடைசியாக, எப்போதும் தெரியும் ஒரு பாறையையோ பாலத்தூணில் ஒரு கல்வரிசையையோ அடையாளம் வைத்து, தண்ணீர் எதுவரை இருக்கிறது என்று போட்டோ எடுங்கள். மறுநாள் காலையில் அதே அடையாளத்தைப் பார்த்தால், எந்தக் கருவியும் இல்லாமல் இரவில் ஓடை ஏறியதா இறங்கியதா என்று தெரிந்துவிடும்.

கென்டஸ்கெக் பந்தயத்துக்குக் கடலின் ஏற்ற இறக்கமும் பார்க்க வேண்டுமாமே?

ஆமாம். கென்டஸ்கெக் ஓடை பாங்கர் நகரத்தில் பெனாப்ஸ்காட் ஆற்றில் சேர்கிறது. கடல் தொலைவில் இருந்தாலும் பெனாப்ஸ்காட்டில் பாங்கர் வரை கடல் ஏற்றம் வரும், பத்தடிக்கு மேல். ஏற்றம் நிறைந்திருக்கும் நேரத்தில் போனால் நகரத்தின் கற்சுவர்களுக்கு நடுவே கடைசித் தூரம் ஓட்டமே இல்லாத குளமாக இருக்கும். களைத்த கையோடு தள்ள வேண்டும். வற்றிய நேரம் என்றால் ஓடையின் ஓட்டம் இன்னும் கீழே வரை துணைக்கு வரும். பந்தயம் புறப்படும் நேரம் மாறாது, ஏற்றத்தின் நேரம் தினமும் ஐம்பது நிமிடம் போல் தள்ளிப் போகும். ஆகவே ஒவ்வொரு வருடமும் முடிவு வேறு மாதிரி. போன வருட நேரத்தோடு உங்கள் நேரத்தை ஒப்பிடுவதற்கு முன் இதையும் யோசியுங்கள்.

அணை உள்ள ஆற்றில் பந்தயம் என்றால் இவ்வளவும் தேவையா?

பனி பார்க்கும் வேலை பெரும்பாலும் மிச்சம். மெய்னில் டெட் ரிவர் என்ற ஆற்றுக்கு ஃபிளாக்ஸ்டாஃப் ஏரியிலிருந்து குறித்த நாளில் குறித்த அளவு திறந்துவிடுவார்கள். அறிவித்த அளவு, அறிவித்த நேரம், திறந்த தண்ணீர் உங்கள் இடத்துக்கு வந்து சேர எத்தனை மணி நேரம் ஆகும், இந்த மூன்றும் போதும். ஆனால் ஏரி நிரம்பி வழிந்தால் அட்டவணையை மீறி அதிகம் வரலாம். அணைக்குக் கீழே சேரும் கிளை ஓடைகளை யாரும் திறப்பதுமில்லை, மூடுவதுமில்லை.

நான் இங்கிலாந்தில் இருக்கிறேன். இதெல்லாம் அங்கே பொருந்துமா?

அங்கே பனிக்குப் பதில் மழை. ஈஸ்டர் சமயத்தில் டிவைஸஸ் ஊரிலிருந்து லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் வரை 125 மைல் போகும் புகழ்பெற்ற பந்தயத்தில், தேம்ஸ் ஆற்றின் ஓட்டம்தான் எல்லாவற்றையும் முடிவு செய்யும். தேம்ஸ் மதகுகளில் பலகை வைப்பார்கள்: ஓட்டம் ஏறினாலும் இறங்கினாலும் மஞ்சள், பலமாக இருந்தால் சிவப்பு. டெடிங்டனுக்குக் கீழே கடல் ஏற்ற இறக்கம் ஆட்சி செய்யும். வற்றும் நேரத்துக்கு அங்கே போய்ச் சேரும்படி புறப்படும் நேரத்தைக் கணக்கிட வேண்டும். ஈஸ்டர் தேதியே ஒரு மாதம் முன்பின்னாக மாறுவதால், போன வருட அனுபவத்தை அப்படியே நம்ப முடியாது.

அளவு சரியாக இருக்கிறது, வெயிலும் அடிக்கிறது. வெட்சூட் தேவையா?

குளிர்ந்த தண்ணீரில் உடல் சூட்டைக் காக்கும் அந்த ரப்பர் உடை தேவை. நேற்றுவரை பனியாக இருந்த தண்ணீர் அது. காற்று 18 டிகிரி இருக்கலாம், தண்ணீர் 4 டிகிரிதான் இருக்கும். கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகத்தில் குளிரைப் பற்றி ஆராய்ந்த கார்டன் கீஸ்ப்ரெக்ட் இதை ஒன்று, பத்து, ஒன்று என்று சொல்லிக்கொடுப்பார். விழுந்ததும் மூச்சு திணறும். அதை அடக்க ஒரு நிமிடம். கை கால் சொன்னபடி கேட்பது பத்து நிமிடம். நினைவு தப்பச் சுமார் ஒரு மணி நேரம். முதல் நிமிடத்தில் தண்ணீரைக் குடித்துவிடாமல் காப்பாற்றுவது லைஃப் ஜாக்கெட். அடுத்த பத்து நிமிடத்தை நீட்டித் தருவது வெட்சூட் அல்லது தண்ணீரே உள்ளே புகாத டிரைசூட். பருத்திச் சட்டை, ஜீன்ஸ் எதுவும் வேண்டாம். மாற்று உடையை நீர் புகாத பையில் கட்டிப் படகிலேயே வைத்திருங்கள். காரில் இருக்கும் உடை ஆறு மைல் தள்ளி இருக்கிறது.

கேனூ, கயாக், இரண்டுக்கும் ஒரே தண்ணீர் அளவுதானா?

இல்லை. திறந்த கேனூ அலைத் தண்ணீரை உள்ளே வாங்கிக்கொள்ளும். கயாக்கில் மூடி இருக்கும், தாங்கும். நீளமான பந்தய கேனூ சாதுவான தண்ணீரில் பறக்கும், பாய்ச்சலில் திரும்பாது.

பந்தயக் காலையில் எண்ணைப் பார்த்தால் மனம் ஒப்பவில்லை. பணம் கட்டியாகிவிட்டது, கூட்டாளியும் வந்துவிட்டார். என்ன செய்வது?

இந்தப் பேச்சை அன்று காலையில் பேசாதீர்கள். ஒரு வாரம் முன்பே கூட்டாளியோடு உட்கார்ந்து, 'இந்த அடையாளப் பாறை மூழ்கியிருந்தால் இறங்க மாட்டோம்' என்று எழுதி வைத்துவிடுங்கள். இருவரில் ஒருவர் வேண்டாம் என்றாலே வேண்டாம், காரணம் கேட்கக் கூடாது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். காலையில் கூட்டத்தையும் ஒலிபெருக்கியையும் பார்த்த பிறகு யாருக்கும் நிதானம் இருப்பதில்லை.

முழுதாக விலக வேண்டும் என்பதும் இல்லை. சாதுவான முதல் பத்து மைலை மட்டும் ஓட்டிவிட்டுப் பாய்ச்சல் தொடங்கும் முன் கரை ஏறலாம். சிக்ஸ் மைல் ஃபால்ஸை மட்டும் கரையில் நடந்து கடக்கலாம். விதி இடம் தருகிறதா என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். விலகினால் உடனே நடத்துகிறவர்களிடம் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் வீட்டுக்குப் போன ஒரு படகுக்காக மீட்புக் குழு இருட்டும் வரை குளிர்ந்த தண்ணீரில் தேடும்.

ஒவ்வொரு வருடமும் இவ்வளவையும் முதலிலிருந்து செய்ய வேண்டுமா?

ஒரு நோட்டு போட்டுவிட்டால் வேண்டாம். எனக்கு இதைப் பழக்கியவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். அவருடைய நோட்டில் முப்பது வசந்தங்கள் இருந்தன, பென்சில் எழுத்தில். ஓடையில் இறங்கும் ஒவ்வொரு முறையும் ஒரு பக்கம்: தேதி, கன அடி, கோடு ஏறுகிறதா இறங்குகிறதா, முந்தின இரவு எத்தனை டிகிரி, காட்டில் பனி உண்டா, அடையாளப் பாறை எந்த அளவு தெரிந்தது, எங்கே உரசியது, எங்கே பயந்தேன். 'எங்கே பயந்தேன்' என்ற வரியை அவர் ஒருபோதும் காலியாக விட்டதில்லை. நான் இப்போது அந்த வரியைத்தான் முதலில் நிரப்புகிறேன், கரைக்கு வந்ததும், கை காய்வதற்குள். வீட்டுக்குப் போய்ச் சூப் குடித்துவிட்டு எழுத உட்கார்ந்தால் எல்லா இடமும் சுலபமாக இருந்ததாகவே நினைவுக்கு வருகிறது.